இழுப்பறை இல்லாத மேசை

சொந்தப் பிள்ளைகளுக்கும் தராத சனிக்கிழமைகளை ஊரார் பிள்ளைகளுக்கு உவந்தளித்த உத்தமரே! பல்கலைக்கழக வாசலைப் பேருந்துச் சன்னல் வழியே மட்டும் பார்த்திருந்த நகரத்துப் பிள்ளைகளை அதன் வகுப்பறைக்குள் அமரவைத்த வழித்துணையே! உயர்கல்வி வழிகாட்டித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளராய் இருபத்தாறு ஆண்டுகள் எங்களை விரட்டியும் விரும்பியும் வேலை வாங்கிய அண்ணனே! வணக்கம்.

நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட பிள்ளைக்கு டை கட்டிவிட்டு, "கால ஆட்டாத, கண்ணப் பாத்துப் பேசு" என்று கடைசிப் படிவரை கூடவே இறங்கிய கரிசனத்தைச் சொல்வதா? "இவ காலேஜுக்குப் போயிட்டா வீட்ட யாரு பாக்குறது?" என்று கேட்ட தாயிடம், மொட்டைமாடியில் பாதித் துணியைத் தாமே உதறிக் காயப்போட்டபடி பேசிச் சம்மதம் வாங்கிய பொறுமையைச் சொல்வதா? எதை எழுதினாலும் "மிகை, வெட்டு" என்பீர்கள். இன்று சிவப்புப் பேனா எங்கள் கையில் இருக்கிறது.

ஆனால் ஒன்றை எழுதாவிட்டால் இம்மடல் அரைகுறையாகிவிடும். பணியேற்ற நான்காம் ஆண்டில் ஒரு மாணவியின் விண்ணப்பக் கட்டுரையை இன்னும் கொஞ்சம் மெருகேற்றித் தருகிறேன் என்று இழுப்பறையில் வைத்தீர்கள். மெருகு ஏறியது, கடைசித் தேதி கடந்துபோனது. அந்த மாணவிக்கு ஓராண்டு போயிற்று. மறுநாளே இழுப்பறையைக் கழற்றிப் போட்டீர்கள். அதன்பின் எந்த விண்ணப்பமும் உங்கள் மேசையில் ஓர் இரவு தங்கியதில்லை. புதிதாய்ச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அந்த வெற்றிடத்தைக் காட்டி, "ஒரு பொண்ணோட ஒரு வருஷத்த இங்கதான் தொலைச்சேன்" என்று சொல்லாமல் விட்டதில்லை. போதும் அண்ணே, கேட்டுக் கேட்டு எங்களுக்கே வலிக்கிறது.

அதனால் அந்த மாணவியைத் தேடிப் பிடித்தோம். மறு ஆண்டே கல்லூரியில் சேர்ந்தவர், இப்போது ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளர். உங்கள் வருத்தத்தைச் சொன்னோம். "அவர் திருத்துன கட்டுரையத்தான் அடுத்த வருஷம் அனுப்பினேன். ஒரு வரிகூட மாத்தல" என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். "இது என் பொண்ணோட விண்ணப்பக் கட்டுரை. அவர் பாத்தாத்தான் அனுப்புவேன்."

பணிநிறைவு பெறும் பண்பாளரே, நோய்நொடி அண்டாமல், பேரப்பிள்ளைகள் சூழ, சனிக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை உறங்கி, நெடுங்காலம் நிறைவாய் வாழ்க.

ஆனால் அது அடுத்த வாரம் முதல். உறை உங்கள் மேசைமேல் இருக்கிறது. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

அந்த மேசையைச் சுற்றி நின்று வேலை கற்ற,
திட்டப் பணியாளர்கள்