பன்னிரண்டு துண்டும் மூன்று கோடும்

...பெயின்ற் எண்டு சொல்லாதேங்கோ சேர் அதை! பெயின்ற் எண்டால் ஒட்டோணும். இது விருந்துக்கு வந்த ஆள் மாதிரி நாலு நாள் நிண்டுட்டு வெளிக்கிட்டுப் போகுது. சொல்லுங்கோ, உலகத்திலை அப்பிடி ஒரு பெயின்ற் இருக்கோ? இருக்குது! என்ரை மச்சான் இரவிச்சந்திரன் தந்த தகரத்துக்கை இருக்குது!

கடிதத்தை உந்தக் கராச் மேசையிலை வையுங்கோ. மெர்சி, மெர்சி. நீங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்து மூண்டு கிழமை, எனக்கு வாற கடிதமெல்லாம் உங்கடை பெட்டிக்கைதான் விழுகுது. அதுவும் நல்லதுக்குத்தான்! உங்கடை வீட்டுக்கார அம்மா ரமா என்ரை மனுசி புஷ்பராணியிட்டைச் சொன்னவவாம், நீங்கள் யூனிவர்சிற்றியிலை கெமிஸ்ற்றி படிப்பிக்கிறனீங்கள் எண்டு. அண்டைக்கே நினைச்சனான், இந்த மனுசனை ஒருக்காப் பிடிக்கோணும் எண்டு. 'இந்தப் பெயின்ற் போலி.' இவ்வளவுதான் நீங்கள் சொல்லவேண்டியது. நான் போனிலை பதிஞ்சு குடும்பக் குறூப்பிலை போட்டுவிடுறன். எண்பத்திமூண்டு பேர் இருக்கினம்.

இருங்கோ, இருங்கோ. உந்த ரயருக்கு மேலை இருங்கோ, ஒண்டும் செய்யாது.

உந்தா கட்டையிலை நிக்குது பாருங்கோ, அதுதான் ஆள். வொல்வோக் கார். அறுபத்தாறாம் ஆண்டு. சில்லுக் கழட்டினபடியால் இப்ப பல்லுக் கழட்டின கிழவன் மாதிரித் தெரியும், குறை நினைக்காதேங்கோ. மேல் உடம்பிலை ஒரு கீறல் இல்லை. நோய் அடியிலைதான். மாரிக்கு இஞ்சை பனி உருகட்டும் எண்டு றோட்டிலை உப்புக் கொட்டுறாங்களெல்லே... கருவாடு போடுறவனும் அவ்வளவு கொட்டமாட்டான்! அது அடியாலை பூந்து சஸ்பென்சன் முழுக்கத் துருப்பிடிச்சுக் கறள். மற்றச் சனம் கறள் பிடியாமல் வருசத்துக்கொருக்கா அடியிலை எண்ணெய் அடிப்பிச்சுப்போட்டு, வாசல் டிறைவே முழுக்கச் சொட்டவிட்டுக்கொண்டு திரியுங்கள். நான் அப்பிடி இல்லை. செய்தால் வடிவாச் செய்யோணும். சில்லைத் தாங்கிற கை நாலு, ஸ்பிரிங் நாலு, பின்னுக்குத் தண்டு நாலு. பன்னிரண்டு துண்டையும் நானே கழட்டினனான். ஒரு நட்டுக்கு ஒரு பின்னேரம்!

அஹுன்ட்சிக்கிலை ஜெராட் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவன். மணல் அடிச்சுக் கறள் எடுக்கிறவன். வெள்ளிச் சாமான் மாதிரி ஆக்கித் தந்தான். தரேக்கை விரலை ஆட்டி ஆட்டி, மூக்காலை, 'மெஸ்யூ மகேந்திராஆஆ! பா லே மேன்! பா லே மேன்!' கை படக்கூடாதாம். ஒரு விரலடையாளம் கிடந்தாலே பெயின்ற் பிடியாதாம். எனக்குச் சொல்லோணுமே? உடனை நீலக் கையுறை ஒரு பெட்டி வேண்டினன். தின்னராலை துடைச்சன், காயவிட்டன், திரும்பத் துடைச்சன். ஆசுப்பத்திரியிலை ஒப்பரேசன் செய்யிறவனும் அப்பிடிக் கவனமா இருக்கமாட்டான் சேர். பேந்து அடிப்பூச்சுக்குச் சாம்பல் நிறப் பிறைமர் ரெண்டு தரம், அதுக்கு மேலை இந்தக் கோதாரிக் கறுப்பு மூண்டு தரம்.

மச்சான் புவாண்ட்-கிளேரிலை ஒரு பெயின்ற் வெயர்ஹவுசிலை வேலை. தகரத்தைக் கொண்டுவந்து தந்து, அவன்ரை அந்தக் கீச்சுக் குரலிலை, 'அத்தான்... இது கப்பலுக்கு அடிக்கிறது அத்தான்... கடலுக்கை கிடந்தாலும் அசையாது அத்தான்...' வசனத்துக்கு வசனம் ஒரு அத்தான்! நாலு நாள் கழிச்சு நகத்தாலை ஒருக்காச் சுரண்டிப் பாத்தன். உரிஞ்சு வருது சேர், வெயிலிலை கறுத்த தோல் உரியிற மாதிரி!

எல்லா இடமும் எண்டால் பரவாயில்லை. இல்லை! இந்தா, இதைப் பிடியுங்கோ, பாரம்... நடுவிலை மூண்டு கோடு. பக்கத்திலை ஒரு வட்டம். இதிலையும் மூண்டு கோடு, ஒரு வட்டம். ஸ்பிரிங்கிலை மட்டும் கொஞ்சம் சின்னன். மற்ற இடமெல்லாம் சுத்தியலாலை அடிச்சாலும் போகாது. எனக்கு அப்பவே விளங்கீட்டுது. தகரத்துக்கை ரெண்டு விதப் பெயின்ற் கலந்திருக்கு!

அவன் என்ன சொல்லுறான் தெரியுமே? 'அத்தான்... றக்கூன் பிறாண்டியிருக்கும் அத்தான்...' றக்கூனாம்! இரவிலை குப்பைவாளி கிண்டுற மிருகம் இதுக்குள்ளை எப்பிடி வரும்? கராச் பூட்டிக் கிடக்கு. றக்கூன் என்ன திறப்பு வைச்சிருக்கோ? சரி, வந்தது எண்டு வையுங்கோ. பன்னிரண்டு துண்டிலையும் அளவெடுத்துப் பிறாண்டுமோ? பிறாண்டிப்போட்டுப் பக்கத்திலை சீல் குத்துமோ?

அண்டைக்கே குறூப்பிலை ஒரு குரல் பதிவு போட்டன். ஏழு நிமிசம். அவன்ரை மகள் சாம்பவிக்கு வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கலியாணம். பொம்பிளை இந்த வொல்வோவிலைதான் கோயிலுக்கு வாறதெண்டு பேச்சு. சின்னனிலையே, 'மாமா, எனக்கு உங்கடை கார்தான்' எண்டு சொல்லிவைச்ச பிள்ளை. நான் சொல்லிப்போட்டன், இரவி எல்லாருக்கும் முன்னாலை பெயின்ற் போலி எண்டு ஒப்புக்கொள்ளுமட்டும் காரும் வராது, நானும் வரன்!

மனுசி என்ன சொன்னவ? இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு, 'நான் ராக்சி பிடிச்சுப் போவன். போனால் தம்பி வீட்டிலைதான் இருப்பன். நீங்கள் உந்த ஸ்பிரிங்கோடை குடும்பம் நடத்துங்கோ!' ரெண்டு நாளாய்த் தேத்தண்ணி இல்லை. சாம்பவி நேற்று போன் எடுத்தவள்... 'மாமா, கார்...' எண்டவள் சேர், பேந்து மூக்கை உறிஞ்சிற சத்தம் மட்டும்தான்...

சரி, அதை விடுங்கோ. நியாயம் எண்டு ஒண்டு இருக்கெல்லே. இந்தா போன். சொல்லுங்கோ, போலி எண்டு...

என்ன? துடைச்சதுக்குப் பிறகு, பிறைமர் அடிக்க முன்னம் என்ன செய்தனான் எண்டோ? ஒண்டும் செய்யேல்லையே. காயவிட்டன், வரிசையா அடுக்கினன், பேந்து...

ஏன் துண்டைத் திருப்பிப் பிடிக்கிறியள்? நான் கயித்திலை நேரா எல்லே தொங்கவிட்டனான்... படுக்கவைச்சுத்தான் பாக்கோணுமோ? பாருங்கோ, பாருங்கோ. ஏன் இப்ப என்னைப் பாக்கிறியள்? நெத்தியிலை என்ன, கறுப்புப் பட்டிருக்கோ? அது திருநீறு சேர். காலமை பூசினது. மூண்டு குறி, கீழை சந்தனப் பொ...

...

ஐயோ.

...இல்லை, நல்ல காரியம் துவங்கேக்கை... புதுக் காருக்கு வைக்கிறேல்லையோ? பன்னிரண்டு துண்டுக்கும் கற்பூரம் காட்டி, திருநீறு குழைச்சு மூண்டு குறி, கீழை சந்தனம்... ஸ்பிரிங்கிலை இடம் காணாது எண்டு சின்னனா... ஓம், கையுறையைக் கழட்டிப்போட்டுத்தான்! கையுறையோடை ஆர் சேர் திருநீறு பூசுவான்? பேந்து அதை அழிக்க மனம் வரேல்லை. அதுக்கு மேலையே அடிச்சிட்டன்.

சிரிக்காதேங்கோ. சிரிக்கேல்லையோ? அப்ப ஏன் தோள் குலுங்குது?

ஏழு நிமிசம் சேர். ஏழு நிமிசம் கதைச்சனான். 'கள்ளன்' எண்டு மூண்டு தரம்... அந்தப் போனை இஞ்சாலை தாங்கோ. சத்தம் போடாதேங்கோ, பதியப்போறன்.

'க்கும்... இரவி, அத்தான் கதைக்கிறன். எல்லாரும் கேளுங்கோ. எங்கடை பக்கத்து வீட்டு நாகசுப்பிரமணியன் சேர், கெமிஸ்ற்றிப் புரபெசர், நேரிலை வந்து பாத்தவர். பெயின்ற்றிலை ஒரு பிழையும் இல்லை. நல்ல பெயின்ற். கப்பல் பெயின்ற். நான் அவசரப்பட்டுக் கதைச்சுப்போட்டன். சாம்பவி, அழாதை பிள்ளை, கார் வரும், மாமாதான் ஓட்டுவன். இரவி... நீ சொன்னதுதான் சரி... றக்கூன்தான்.'

அனுப்பியாச்சு.

எங்கை போறியள்? நில்லுங்கோ! பன்னிரண்டையும் திரும்ப உரஞ்சோணும், உரஞ்சுதாள் உங்களுக்கும் கிடக்கு! சேர்! வகுப்பு இருக்கோ? சனிக்கிழமையிலையோ? சரி, போங்கோ, போங்கோ. ஆனால் ஆரும் கேட்டால் பெரிய றக்கூன் எண்டு சொல்லுங்கோ. நீங்களும் கண்டனீங்கள். சேர்! ரெண்டு பேரும்தான் கண்டனாங்கள்!