பந்த் நாள் இயக்குநர்

மேடையில் வீற்றிருக்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் நாகரத்தினம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாகலட்சுமி மன்னி அவர்களே, வேலை நாளென்றும் பாராமல் டாலிகஞ்சிலிருந்தும் கிடர்பூரிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, தமிழ் புரியாவிட்டாலும் கடைசி வரிசையில் தலைகுனிந்து நிற்கும் டாக்குரியா கிளப் தம்பிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மைக்கின் முன்னால் நின்று நின்று எனக்கு அலுத்துவிட்டது. மாற்றலாகிப் போகிறவர்களுக்கு இங்கேதான் மாலை போட்டோம். ஒரேயடியாகப் போனவர்களுக்கும் இங்கேதான் மாலை போடுகிறோம். இன்று அந்த மாலைக்குள் இருப்பவர் துறைமுகக் கணக்குப் பிரிவின் மேற்பார்வையாளர், நம் சங்கத்தின் நாடகச் செம்மல், இயக்குநர் பட்டாபி அண்ணா. இயக்குநர் என்றதும் இரண்டு பேர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! அவர் எடுத்தது சிரிப்புப் படம்தானே?

படத்தின் பெயர் 'மேலே ரெண்டு பேர்'. இரண்டு விண்வெளி வீரர்கள். அனுப்பியவர்கள் அவர்களை மறந்துவிட்டார்கள். சீட்டாடுகிறார்கள், ஊறுகாய்க்குச் சண்டை போடுகிறார்கள், பூமியைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். இறங்கலாமா என்று ரேடியோவில் கேட்டால், "உத்தரவு வரவில்லை, காத்திருக்கவும்" என்று கீழேயிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரல் அண்ணாவுடையது. மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளும் நமக்கு இந்தக் கதையை விளக்கவா வேண்டும்?

விண்கலம் எங்கிருந்து வந்தது? தொண்ணூற்று நான்காம் வருட துர்கா பூஜைக்கு டாக்குரியா கிளப்பில் ராக்கெட் வடிவத்தில் பந்தல் போட்டார்கள். தசமி முடிந்து பிரிக்கும்போது அண்ணா போய்க் கை நீட்டினார். "எடுத்துக்கோங்க காக்கு, நிலாவுக்கா போகப் போறீங்க?" என்று சித்தப்பா முறை வைத்து வங்காள மொழியில் கேட்டுக்கொண்டே அந்தத் தெர்மகோலையும் பிளைவுட்டையும் அண்ணா வீட்டு மொட்டை மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், இதோ, பின்னால் நிற்கும் இந்தத் தம்பிகள்தான்.

அண்ணாவின் வீடு ரயில் பாதையை ஒட்டியது. லோக்கல் ரயில் போகும் சத்தத்தில் விண்வெளியாவது, மண்ணாங்கட்டியாவது! ஆகவே பந்த் நாட்களில் மட்டும் படப்பிடிப்பு. ரயில் இல்லை, பஸ் இல்லை, ஊரே வாய் மூடிக் கிடக்கும். யார் பந்த் அறிவித்தாலும் அண்ணா எனக்குப் போன் செய்வார்: "டேய் கிரி, நாளைக்கு விண்வெளிடா!" அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு சத்தம்தான் விழும். மாடிப்படிக்குக் கீழேயிருந்து அண்ணாவின் மனைவி, நம் மன்னியின் குரல். "சாதம் ஆறிண்டிருக்கு, இறங்கி வாங்கோ!" உடனே அண்ணா தலையில் அடித்துக்கொண்டு "கட்!" என்பார். எத்தனை ஷாட் அப்படிப் போயிருக்கிறது!

முதல் வீரன் நான். இரண்டாவது வீரன் லக்ஷ்மிநாராயணன், விசாகப்பட்டினத்துக்கு மாற்றலானார். அவர் ஹெல்மெட்டை மாரியப்பன் போட்டுக்கொண்டார். அவரும் போனார், ரமேஷ்பாபு வந்தார், பிறகு அவரும் மாற்றலானார். காட்சிக்குக் காட்சி அந்த வீரன் குட்டையாகிக்கொண்டே வந்தான். "மேலே இருந்தா உயரம் குறையும்னு ஒரு வசனம் சேர்த்துடலாம்" என்றார் அண்ணா. உண்மையில் உயரம் கூடுமாம். யார் கேட்டார்கள்?

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் என்னிடம் படத்தைப் பற்றித்தான் சொன்னார். "அடுத்த பந்துக்குக் கடைசி சீன். இறங்கலாம்னு நான் சொல்லிடறேன். அப்புறம் உன்னை விட்டுடறேன்டா." பந்த் வரவில்லை. இந்த ஊர்க் கட்சிகளுக்கு அப்போது பார்த்து என்ன பொறுமை வந்ததோ! அண்ணா போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை பதிவாகவே இல்லை.

எனக்கும் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறேன். நான் போனால் முதல் நாள் முதல் நடித்தவர்கள் யாருமே இங்கு மிச்சமில்லை. நான் களைத்துவிட்டேன், அன்பர்களே. போன வாரம் துக்கம் கேட்கப் போனபோது மன்னியிடம் சொல்லியும் விட்டேன். "குரலே போயிடுத்து மன்னி. படத்தை இதோட விட்டுடலாம்."

மன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தைதானே பாக்கி? நான் சொல்றேன். இத்தனை வருஷமா மாடிப்படிக்குக் கீழே நின்னுண்டு நான் வேற என்ன சொன்னேன்?"

"பந்த் எதுவும் இல்லையே மன்னி, ரயில் சத்தம் விழுமே" என்றேன்.

"விழட்டுமே. பூமிக்கு வந்துட்டா சத்தம் இருக்காதா?"

அண்ணாவுக்கே தோன்றாத முடிவு அது!

ஆகவே அண்ணாவின் புகைப்படத்துக்கு முன்னால் நின்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். நான் ரயிலேறுவதற்குள், வருகிற ஞாயிற்றுக்கிழமையே அந்தக் காட்சியை எடுத்துவிடுவோம். ஒரு ஹெல்மெட்டுக்குள் நான் இருப்பேன். இன்னொன்றுக்கு உங்களில் யார் வேண்டுமானாலும் வாருங்கள், உயரம் பார்க்க மாட்டோம். படம் முடிந்ததும் இதே மண்டபத்தில் திரையிடுவோம். மாற்றலாகிப் போன வீரர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்புவோம்.

ரயில் ஓடட்டும், ரிக்ஷா மணி அடிக்கட்டும். கீழேயிருந்து மன்னி கூப்பிடுவார், நாங்கள் இறங்கி வருவோம். பட்டாபி அண்ணா, இந்த ஒரு தடவையாவது "கட்" சொல்லாமல் இருங்கள்.