வீட்டுக்கு வாங்கோ

கிட்ட வந்து இருங்கள். குளியலறைக் குழாயை இறுக்கி மூடினீர்களா? சரி.

எங்கள் செல்வரட்ணம் அண்ணையின் தங்கை சிவகௌரி யாரையும் வாசலில் "வாங்கோ" என்று கூப்பிடமாட்டாள். தலையை மட்டும் ஆட்டுவாள். திமிர் என்று நினைக்காதீர்கள்.

இரண்டாயிரத்து ஆறு, செப்டெம்பர். ஜேர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து கிரேக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்கு விடுமுறையில் போயிருந்தார்கள். அவள், புருஷன் ஸ்ரீதரன், நாலு வயது மகன் அபிஷன். பொழுது சாய்ந்து ஏழு மணி... கடலுக்கு இறங்கும் ஒற்றைப் பாதையில் ஈ காக்கை இல்லை. சீசன் முடிந்து, மிதிபடகுகளை மணலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஸ்ரீதரன் நீந்தப் போனால் நேரங்காலம் தெரியாது. இவளுக்கோ கடலென்றால் பயம்; கணுக்கால்கூட நனைக்கமாட்டாள். தூங்கி விழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த தலையைப் பார்த்துக் கோபத்தோடு கத்தினாள்.

"நீந்தினது காணும்! வீட்டுக்கு வாங்கோ!"

"வாறன்..."

அவன் குரல். அலைகளுக்கு மேலாக வந்தது.

"ஆரைக் கூப்பிடுறீர்?"

ஸ்ரீதரன் அவளுக்குப் பின்னால் நின்றான். தலை துவட்டியிருந்தான். கையில் ஐஸ்கிரீம், உருகி முழங்கைவரை வழிந்தது. அவள் கடலைத் திரும்பிப் பார்த்தாள்... அந்தத் தலை கொஞ்சம் கிட்ட வந்திருந்தது. கை அசையவில்லை. நீந்தாமலே வந்திருந்தது.

டோர்ட்மண்டுக்குத் திரும்பிய பிறகு, "கௌரி கடலை வீட்டுக்குக் கூப்பிட்டவ" என்று ஸ்ரீதரன் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடலில் தமிழ் தெரிந்தது யாருக்கு?

நவம்பர். விடாத மழை. வேலையால் வந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டுவது ஸ்ரீதரனின் வழக்கம். அன்றும் அவள் அடுப்படியில் உள்ளி வதக்கும்போது வீட்டுக் கதவு திறந்தது.

"வந்திட்டன்."

சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்கவில்லை... அதை அவள் கவனிக்கவில்லை. குழாய் திறந்தது. தண்ணீர் சளசளவென்று விழுந்தது. அபிஷன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான். உள்ளி வாசத்தை மீறி ஒரு வாசம்... உப்பு. பாசி.

தொலைபேசி அடித்தது.

"கௌரி, ட்ராம் நடுவழியில நிண்டிட்டுது. பிள்ளையை நீரே குளிப்பாட்டும். நான் பிந்தித்தான் வருவன்."

ஓடினாள். குளியலறை உள்ளே பூட்டியிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. இரண்டு கையாலும் கதவில் அடித்தாள்.

"அபிஷன்! அம்மாட்டை வா ராசா! வெளியில வா!"

"வாறன், அம்மா..."

பிள்ளையின் குரல்தான். ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. எங்கேயோ வெகு தூரத்திலிருந்து... அலைகளுக்கு மேலாக வந்தது.