வருடம் முழுக்க என்னோடு

பனிப்புயல் வருகிறது என்று வானொலியில் சொல்லிவிட்டால் போதும், எங்கள் ஊரில் எல்லோரும் ரொட்டியும் பாலும் வாங்க ஓடுவார்கள். இரண்டு நாள் வீட்டுக்குள் இருக்கப்போகிறவர்களுக்கு எட்டு ரொட்டி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நான் ஓடுகிறவன் இல்லை. எதையும் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைத்துக்கொள்வது என் வழக்கம்.

வக்கீல் ஆல்டன் இந்த மஞ்சள் தாள் கட்டைக் கொடுத்து, “நடந்ததை நடந்தபடி எழுதுங்க வெண்டெல். நல்லவனாக் காட்டணும்னு மெனக்கெடாதீங்க” என்றார். எனக்கு அந்த மெனக்கெடல் தேவைப்படவில்லை. நான் எந்தப் படிவத்திலும் பொய் எழுதியவன் இல்லை. ஐம்பத்தொன்பது வயதாகிறது. பென்சில்வேனியாவில், ஈரி ஏரியை ஒட்டிய ஊரில், பள்ளிக்கூடங்களின் பாய்லர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. முப்பத்தோரு குளிர்காலங்களில் என் பொறுப்பில் இருந்த ஒரு பிள்ளைகூடக் குளிரில் நடுங்கியதில்லை.

டெலியா என் வீட்டுக்கு வந்து ஏழு வருடங்கள் ஆகின்றன. பிளாஸ்டிக் ஆலையில் முதுகு பிடித்துக்கொண்டு வேலை போய், வாடகை கட்ட முடியாமல் நின்றாள். நான்தான் கூப்பிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சிரித்தாள். “ஒரு தடவ பண்ணிப் பாத்தாச்சு வெண்டெல். கையெழுத்துப் போடுற வரைக்கும்தான் ஆம்பளைங்க மனுஷங்க. இப்படியே இருப்போமே, என்ன குறைஞ்சுபோச்சு?”

எனக்குக் குறைந்துதான் போயிருந்தது. எதிர்வீட்டுக் கிழவர் தனியாகச் செத்து, வாசலில் ஒன்பது செய்தித்தாள்கள் சேர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஒன்பதையும் எண்ணியவன் நான். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் பக்கத்துப் படுக்கையைக் கையால் தடவிப் பார்ப்பேன். அவள் குளியலறையில் இருந்தால்கூட, கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். பயம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அவள் வந்த மறுவருடம் வருமான வரிப் படிவத்தை நிரப்பும்போதுதான் அந்தப் பகுதியைக் கவனித்தேன். ‘உங்களைச் சார்ந்திருப்பவர்கள்.’ பிள்ளைகள்தான் என்று இல்லை; மணமுடிக்காமல் உடன் வசிப்பவரையும் எழுதலாம். முக்கியமாக மூன்று கேள்விகள். அவர் வருடம் முழுக்க உங்களோடு உங்கள் வீட்டில் வசித்தாரா? அவருடைய வருமானம் ஐயாயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கீழே இருந்ததா? அவரைப் பராமரிக்க ஆன செலவில் பாதிக்கு மேல் உங்களுடையதா? மூன்றுக்கும் ஆம். என் பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினேன். எங்கள் இருவர் பெயரும் சேர்ந்திருந்த ஒரே காகிதம் அதுதான்.

அவளிடம் காட்டினேன். முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அட, அப்போ நான் யாரு? பொண்டாட்டியா, நீ எடுத்து வளக்குற பூனையா?” என்றாள். நானும் சிரித்தேன். அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு நகல் எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்காக என் வரியில் கழிந்த ஐந்நூறு டாலரை ஒவ்வொரு வருடமும் தேவாலயத்தின் இலவசச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொடுத்துவிடுவேன். பணத்துக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான்காம் வருடம் முதுகு தேறி, அடுமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜூன் மாதமே தெரிந்துவிட்டது, இரண்டாவது கேள்வியில் அவள் தவறிவிடுவாள் என்று. அடுமனை முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, டெலியாவுக்கு வலிமாத்திரைப் பழக்கம் உண்டு, கல்லாப்பெட்டி ஜாக்கிரதை என்று சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. அவள் இரண்டு நாள் அழுதாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சூப் வைத்துக் கொடுத்தேன். அடுத்து வீட்டிலேயே கேக் செய்து விற்றாள்; அடுப்பு கெட்டுப்போனது. தங்கையைப் பார்க்க அடிக்கடி ஒஹையோவுக்குப் போய்த் தங்கினாள், கார் கெட்டுப்போனது. என்னைப் போல் இயந்திரங்களோடு பழகிய ஒருவனுக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை.

போன பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை காலை, வழக்கம்போலப் படிவத்தைக் கணினி வழியாக அனுப்பினேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் குறிப்பிட்டுள்ள நபரின் சமூகப் பாதுகாப்பு எண் வேறொரு படிவத்தில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுள்ளது என்று இருந்தது. யாரோ அவளுடைய எண்ணைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“டெலியா, உன் நம்பர யாரோ திருடி வரி கட்டியிருக்காங்க.”

அடுப்பு முன்னால் நின்றவள் திரும்பவில்லை. “அப்படியா? கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும். விடு.”

“விட முடியாதே. புகார் குடுத்தா எந்த முகவரிலேர்ந்து போச்சுன்னு கண்டுபுடிச்சிடுவாங்க.”

அவள் அடுப்பை அணைத்தாள். “புகாரெல்லாம் வேணாம். நான்தான்.”

நான் வேலைக்குப் போன நேரங்களில், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடித்துக் கொடுத்துச் சம்பாதித்திருக்கிறாள். ஒரு வருடத்தில் ஒன்பதாயிரம். முகவரி, ஒஹையோவில் இருக்கிற தங்கை ரோபெர்ட்டாவுடையது. பெட்டி கட்டி அலமாரிக்குள் வைத்தாகிவிட்டது. அடுத்த வாரம் கிளம்புவதாக இருந்தாளாம்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றேன்.

“பயமா இருந்துச்சு. நீ கத்தி, சாமானத் தூக்கிப் போட்டாக்கூட எனக்குப் பயமில்ல வெண்டெல். இப்படி மெதுவாப் பேசுறியே, அதான் பயமா இருக்கு.”

நான் கோபப்படவில்லை. மேசைக்குப் போய், அவள் பெயரை எடுத்துவிட்டு, என் பெயர் மட்டும் உள்ள படிவத்தைத் திரும்ப அனுப்பினேன். அது உண்மை என்பதால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அதை அனுப்பும்போது ஒன்று தோன்றியது. முடிந்த வருடம் போனது போனதுதான். நடக்கிற வருடத்தில் ஜனவரி ஒன்றிலிருந்து அன்றுவரை அவள் ஒரு நாளும் வெளியே தங்கவில்லை. அந்த வருடம் இன்னும் கெடவில்லை.

“ரோபெர்ட்டா வீட்டுக்கு நானே கொண்டுபோய் விடுறேன்” என்றேன். அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. அவளுடைய கார் ஓடாது. தங்கைக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஏறினாள். வழியில் பழைய தொடக்கப் பள்ளி வந்தது. பிள்ளைகள் குறைந்து மூடி ஐந்து வருடம் ஆகிறது. குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க அங்கே பாய்லரை மட்டும் லேசாக ஓட விடுவோம். சாவி என்னிடம்தான் இருக்கும். “அஞ்சு நிமிஷம். தண்ணி பாத்துட்டு வந்துடுறேன். கார்ல உக்காந்தா வெறச்சுப்போவே, உள்ள வா” என்றேன். வந்தாள். அவளுக்குக் குளிர் என்றால் ஆகாது.

பாய்லர் அறைக்குப் பின்னால் ஒரு நிலவறை இருக்கிறது. ஒரு காலத்தில் அணுகுண்டுக்குப் பயந்து பிள்ளைகளுக்காகக் கட்டியது. இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது, மூலையில் ஒரு கழிப்பறை. கட்டில், கம்பளி, டப்பா உணவு எல்லாம் ஜனவரியிலிருந்தே அங்கே அடுக்கியிருந்தேன். எதற்கு என்று எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. எதையும் முன்கூட்டியே வாங்கிவைப்பது என் வழக்கம் என்று சொன்னேன் அல்லவா.

முதல் மாதம் கத்தினாள். அந்தச் சுவர்கள் குண்டுக்காகக் கட்டியவை. ஒருநாள் நான் உள்ளே போகும்போது பீன்ஸ் டப்பாவால் என் நெற்றியில் அடித்தாள், ஐந்து தையல். அதற்கும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் உள்ளே போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். அதன் பிறகு அடிக்கவில்லை. நான் என் வீட்டில் படுப்பதை விட்டுவிட்டு அங்கேயே இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் கட்டில் போட்டுக்கொண்டேன். ஒரே கூரைக்குக் கீழே வசிக்க வேண்டும் அல்லவா? அவள் சாப்பிட்ட ஒவ்வொரு கவளமும் என் காசு. பாதிக்கு மேல் என்று கேட்கிறார்கள். நான் முழுவதும் கொடுத்தேன்.

அவள் கேட்ட ஒன்றே ஒன்றைத்தான் நான் தரவில்லை. “ஒரு காலண்டர் மட்டும் குடு வெண்டெல். வேற எதுவும் கேக்க மாட்டேன்.” நாட்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு கெட்டுப்போகும் என்பதால் மறுத்துவிட்டேன். கோடைக்குப் பிறகு அவள் பேச்சு இரண்டு வார்த்தைக்கு வந்துவிட்டது. எதற்கும் “சரி வெண்டெல்” என்பாள். நான் தாழ்ப்பாளைத் தொட்டதுமே கட்டிலின் கோடியில் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஏழு வருடத்தில் எங்களுக்குள் சண்டையே இல்லாத காலம் அதுதான்.

ரோபெர்ட்டா போலீசுக்குப் போனாள். டிடெக்டிவ் கோவாச் என்ற அம்மாள் நான்கு முறை என் வீட்டுக்கு வந்தார். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டேன் என்று சொன்னேன். வீடு முழுக்கத் தேடினார்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். “படுக்கையில தூசி படிஞ்சிருக்கே” என்றார் ஒருமுறை. “அவ இல்லாம அதுல படுக்கப் புடிக்கல மேடம்” என்றேன். அதுவும் உண்மைதான்.

டிசம்பரில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் நூலகத்தில், வரி பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இலவசமாக யோசனை சொல்வார். அவரிடம் போய், “நானும் கூட இருக்கிறவங்களும் வீட்டை விட்டுட்டு வேற கட்டடத்துல தங்கினோம்னா, அது எங்க வீடுன்னு ஆகுமா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரும் சேந்து தங்கினா ஆகலாம். அவங்க நடுவுல எங்கயும் போனாங்களா?”

“இல்லை. பிப்ரவரிலேர்ந்து ஒரு நாள்கூட வெளிய வரல.”

“வெளியன்னா? கடைகண்ணிக்குக்கூடவா?”

“கடைகண்ணிக்குக்கூட.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பதிலைச் சரிபார்த்துச் சொல்வதாக என் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டார். நல்ல பெண்மணி. மறுநாள், டிசம்பர் முப்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் வந்து என்னைக் கூட்டிப்போனார்கள்.

“டெலியா உசுரோட இருக்காளா?” என்றார் கோவாச்.

“இருக்கா மேடம். நல்லா இருக்கா.”

“எங்க?”

“சொல்றேன். நாளன்னிக்கு, ஒண்ணாம் தேதி காலைல.”

“அதென்ன ஒண்ணாம் தேதி?”

“வருஷம் முடியணுமே.”

அவருக்குப் புரியவில்லை. பணப்பையிலிருந்த நகலை எடுத்துக் காட்டி மூன்று கேள்விகளையும் விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது.

“அவ இருக்கிற இடத்துல கதகதப்பு இருக்கா?”

“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்கும். தண்ணி ஊத்துற வால்வு ரிப்பேர். பன்னண்டு மணி நேரத்துக்கு ஒருக்க நான் ஊத்தணும். இல்லன்னா பாய்லர் தானா நின்னுடும்.”

“அப்புறம்?”

“மூணு கம்பளி இருக்கு. ஒன்றரை நாள் தாங்கும்.”

இதைச் சொல்லும்போது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் இரண்டு பயங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். முதல் கேள்விக்கு இன்னும் ஒன்றரை நாள்தான் பாக்கி.

கோவாச் எழுந்து போனார். அரை மணி நேரம் கழித்து, வரித்துறையின் விளக்கக் குறிப்பு ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தாளைப் பிடித்து என் முன்னால் நீட்டினார்.

“வெண்டெல், நீங்க சரியா எழுதுற ஆளு. இதப் படிங்க. நோய்க்காக ஆஸ்பத்திரியில இருந்தா, அது தற்காலிகமா வெளிய இருக்கிறதுதான். அந்த நாளெல்லாம் உங்களோட இருந்த நாளாவே சேரும். இன்னைக்கே ஆம்புலன்ஸ்ல ஏத்தினாலும் உங்க வருஷம் கெடாது.”

இரண்டு முறை படித்தேன். அப்படித்தான் இருந்தது. இது ஏன் முதலிலேயே என் கண்ணில் படவில்லை என்று வெட்கமாகப் போய்விட்டது. பள்ளியின் பெயரைச் சொன்னேன். சாவி எது என்று காட்டினேன். மணி நாலே கால். படியில் பனி வழுக்கும், பார்த்துப் போகச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

அந்தத் தாளில் அடுத்த வரியை அவர் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது. இங்கே சிறை நூலகத்தில் அதே குறிப்பைத் தேடி எடுத்துப் பிறகு படித்தேன். ‘அவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் இருந்தால்’ என்று இருக்கிறது. கோவாச் மேல் எனக்கு வருத்தமில்லை. அதை மறைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் எண்ணம்.

ஆல்டன் எனக்குத் தீயணைப்பு வீரர் ஒருவருடைய அறிக்கையைப் படித்துக் காட்டினார். கதவைத் திறந்ததும் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு “சரி வெண்டெல், சரி வெண்டெல்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். விளக்கை அவர் தன் முகத்தின் பக்கம் திருப்பிக் காட்டிய பிறகுதான் நிறுத்தினாளாம். தண்ணீர் கேட்கவில்லை. தங்கையைக் கேட்கவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, “இன்னைக்கு என்ன தேதி?” அவர் டிசம்பர் முப்பது என்று சொன்னதும், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறாள்.

அந்த இடத்தில் ஆல்டன் படிப்பதை நிறுத்திவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலண்டர் இல்லாமலே அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவ்வளவு தூரம் வந்து ஒரே ஒரு நாள் குறைந்துவிட்டதே என்றுதான் அழுதிருப்பாள். என்னைப் பார்க்க அவளை விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் இதைப் படிக்கிற உங்களில் யாராவது போய் அவளிடம் சொன்னால் போதும்: கவலைப்பட வேண்டாம், ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் என்னோடு இருந்த நாளாகத்தான் சேரும்.