கலப்பு வால்வு

பத்தொன்பது நாள், ஆறு மணி நேரம் எங்கள் கம்பெனியில் குடிதண்ணீர் உப்புக் கரித்தது. கோடையில் திசையன்விளைப் பக்கம் தண்ணீர் கரிப்பது பெரிய சேதி இல்லை, சார். நீங்கள் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். அதனால் விளக்கிச் சொல்கிறேன்.

எங்கள் தையல் கம்பெனியில் நூற்று எண்பது பெண்கள். நான் அங்கே தண்ணீர்ப் பரிசோதகர். பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டாயிரத்து நானூறு மில்லிகிராம் உப்பு. ஆர்.ஓ. இயந்திரம் அதைத் தொண்ணூறாக்கும். அது சப்பென்று இருக்கும் என்பதால், கிணற்றுத் தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிட ஒரு சிறிய வால்வு உண்டு. வழக்கமாக அதை ஒரு நூல் அளவுதான் திறந்து வைப்பேன். சித்திரையில் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு இன்னும் திறந்தேன். மீட்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. இரண்டாயிரம் வரை குடிக்கலாம் என்று தர விதியில் இருக்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் என்றும் அதிலேயே இருக்கிறது.

விஷம் எதுவும் கலக்கவில்லை. குடிக்காதே என்று யாரையும் தடுக்கவும் இல்லை. குழாய் அதே இடத்தில்தான் இருந்தது. கரித்தால் மனிதர்கள் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு அறுநூற்று நாற்பது லிட்டர் செலவாகும். பத்தாம் நாள் அது இருநூற்றுப் பத்துக்கு வந்தது. ஆளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல்.

குறைவாகக் குடிப்பவர்கள் கழிப்பறைக்கும் குறைவாகத்தான் போவார்கள். மேனேஜர் பெருமாள்ராஜ் ஒரு கூட்டத்தில், "இவளுவ தைக்க வாராளுவளா, கக்கூஸ்ல நின்னு கதை பேச வாராளுவளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நீங்கள் ஏற்கெனவே எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறீர்கள்.

என் பரிசோதனை அறை கழிப்பறையை ஒட்டி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியேதான் அவர்கள் வரிசையில் நிற்பார்கள். எனக்குப் பேச வராது, சின்ன வயதிலிருந்தே. அது அவர்களுக்கு வேடிக்கை. துணி தேய்க்கும் பிரிவில் இருந்த இசக்கிச்செல்விக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் வேடிக்கை.

"ஏட்டி ஸ்டெபி, இந்தத் தண்ணி டாக்டரு ஒரு வருசமாப் பேசுனதெல்லாம் புடிச்சு வச்சாலும் ஒரு டம்ளரு நெறையாது."

"பையப் பேசுக்கா. உள்ளதான் இருக்கா."

"இருந்தா என்ன? ஏசட்டும். அந்தக் கொரலையாவது கேக்கலாம்லா."

பிறகு என்னைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல நடித்துக் காட்டுவாள். அவள் நிழல் என் ஜன்னல் கண்ணாடியில் விழும். நன்றாகவே நடித்தாள்.

வால்வைத் திருப்பிய மறுநாள் ஸ்டெபி குடித்ததைத் துப்பினாள். அவள் உவரிக்காரி. "யக்கா, எங்க ஊர்க் கடலைக் கொளாய் போட்டு இங்கன கொண்டாந்துட்டாவ" என்றாள். அன்றும் சிரிப்பு இருந்தது. ஒரு வாரத்தில் வரிசையே இல்லை. அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடியாது. துணியில் சிந்தினால் கறை படும் என்று வாசலிலேயே பாட்டிலை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆபீஸ் ஆட்களுக்கு அந்த விதி கிடையாது. நான் தினமும் இரண்டு பாட்டில் கொண்டுபோவேன்.

கடைசி நாள் தேய்க்கும் பிரிவில் நாற்பத்தொரு டிகிரி. பகல் ஒரு மணிக்கு இசக்கிச்செல்வி ஜன்னலுக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது. முகத்தில் வியர்வை இல்லை. நீராவிக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு வியர்வை நின்றுபோனால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

"மேடம், அந்தத் தண்ணி தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்கு. ஒங்க பாட்டில்ல ஒரு மடக்கு தாங்களேன். தல கிறுகிறுன்னு வருது."

அதற்கு முன் அவள் என்னை மேடம் என்று அழைத்ததில்லை.

"இது சாம்பிள் தண்ணி. குடுக்கக் கூடாது" என்றேன்.

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மூன்றேகால் மணிக்குத் தேய்க்கும் மேசையடியில் விழுந்தாள். எல்லோரும் அங்கே ஓடினார்கள். நான் போய் வால்வை மூடினேன். அப்போது மணி மூன்றரை. திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், மூன்றாம் நாள் இறந்தாள். இருபத்தெட்டு வயது.

பெருமாள்ராஜை நீங்கள் பிடித்துப்போய் ஒன்பது நாள் ஆகிறது. நேற்று அவர் மனைவி முத்துராணி என் வீட்டுக்கு வந்தார். "அவுக தனக்கு ஒண்ணும் தெரியாதுங்காவ. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா விட்ருவாவளாம். சொல்லும்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் போகும்வரை நின்றேன்.

வேலை கூடுதலாக நடக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாட்களில் வேலை குறைந்தது. தலைவலி, மயக்கம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் பெருமாள்ராஜ் என் அறைக்கு வந்தார். "தண்ணி ரொம்பக் கரிக்குன்னு சொல்லுதாளுவ. என்னன்னு பாரும்மா. வேணும்னா லாரித் தண்ணி சொல்லுதேன்" என்றார். "கோடைல போர்த் தண்ணி அப்பிடித்தான் சார். குடிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என்னை நம்பினார்.

வால்வைத் திறக்கச் சொன்னது யார் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள்.

யாரும் சொல்லவில்லை, சார். நானாகத்தான் திறந்தேன்.