மூன்று பாதை, நான்கு பெட்டி

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

வைட்ஃபீல்டில் எங்கள் மாடியில் நான்கு வீடுகள். நான், எதிரே டோரீன் அம்மா, பக்கத்தில் டொமினிக், கோடியில் கிருஷ்ணப்பா. கம்பியில்லா இன்டர்நெட் பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்காமல் பேச மூன்றே பாதைகள்தான், அதாவது சேனல் எண்கள்: ஒன்று, ஆறு, பதினொன்று. நான்காவது பெட்டி வந்தால் எல்லோருக்கும் திணறும். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்களே, அந்தக் கணக்குதான்.

என் லேப்டாப்பில் நான்கு சிக்னல் தெரிந்தது. ஞாயிறுதோறும் அமெரிக்காவிலிருந்து என் மகள் ஸ்னேஹா வெப்கேமில் வருவாள். "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்" என்பாள். அத்தோடு, திறந்த வாய் திறந்தபடி முகம் உறைந்துவிடும். போனில் கேட்டால், முகம் பார்த்துத்தான் சொல்வேன் என்கிறாள். வேலை போயிற்றா, உடம்புக்கு ஏதாவதா என்று இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெற்ற மனம் பித்து, சார்.

டோரீன் அம்மாவும் டொமினிக்கும் நான் சொன்னபடி பாதையை மாற்றிக்கொண்டார்கள். தங்கமான மனிதர்கள். கிருஷ்ணப்பாதான் சிரித்தார், வீட்டை 'மனே' என்கிற தன் கன்னடத் தமிழில்.

"நம்ம மனேல அதெல்லாம் இல்ல ஸ்வாமி. போன் லைன்ல வர்ற கம்பிதான்."

பொய் சொல்கிறவரிடம் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? நான் கோபப்படவே இல்லை.

தினமும் காலையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க அவர் கைப்பிடிச் சுவரில் ஏறுவார். சனிக்கிழமை நானும் மாடிக்குப் போனேன். குட்மார்னிங் சொன்னேன், அவரும் சொன்னார். பிறகு தள்ளினேன். ஞாயிறுக்குள் முடித்தாக வேண்டியிருந்தது, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்னேஹா வந்தாள். "அப்பா, நான்" என்றாள். உறைந்தாள். சிக்னல் இன்னமும் நான்குதான்.

உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது சரி. கிருஷ்ணப்பா வீட்டில் வெறும் கம்பிதான். நான்காவது பெட்டி என் படுக்கையறைப் பரண்மேல் இருந்தது. அங்கே சிக்னல் எட்டவில்லையென்று நானே வாங்கி வைத்து, மறந்தும் போனேன். மனிதன்தானே, சார்.

ஸ்னேஹா உங்களுக்குப் போன் பண்ணினாளாமே. வேலையை விட்டுவிட்டு என்னோடேயே இருக்க வருகிறாளாம், அதைத்தான் இத்தனை நாளும் சொல்லப் பார்த்தாளாம். கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வந்தால் அவள் அறைக்கும் ஒரு பெட்டி வேண்டுமே. டோரீன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சார். அவருக்கு எதற்கு இன்டர்நெட்?