எர்த் வந்துருச்சு

சம்மதம்னு கை தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இருங்க சாமி... ஒரு குட்டிக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டு, அப்புறமும் தூக்கணும்னு தோணுச்சுன்னா தூக்குங்க. நான் தடுக்க மாட்டேன்.

மலை சரிஞ்சு நம்ம ரயில் ஓடாம நின்னுச்சே, அந்த வருஷம். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, பாக்டரி வாசல்லயே மூட்டையை அவுத்துக் கொட்டிட்டு அழுதுக்கிட்டே போனாங்களே... அதே வருஷம்தான்.

அப்ப நான் சந்தானகிருஷ்ணன் சார் காம்பவுண்டுல குடியிருந்தேன். பக்கத்து வீட்டுல சூசை. டீ பாக்டரியில இலை காய வைக்கிற டிரையர்ல வேலை. அவன் பொண்டாட்டிக்குக் குழந்தை பொறந்து ஒரு மாசம்கூட ஆகலை. பச்ச உடம்புக்காரி. மழையில விறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. நம்ம ஊர் குளிர் உங்களுக்கு நான் சொல்லணுமா? அவ வெந்நீருக்கு என்ன பண்ணுவா?

சூசை போய் சார்கிட்ட நின்னான். "சார், ஒரு ஹீட்டர் மாட்டிக் குடுங்க. வாடகையை ஏத்திக்கங்க."

வாடகைன்னதும் சார் முகம் மலர்ந்து போச்சு. நல்ல ஹீட்டராவே வாங்கினாரு. குறை சொல்லக் கூடாது... பளபளன்னு இருந்துச்சு.

மாட்டுறதுக்குக் கடையிலேர்ந்து ஒரு ஆள் வந்தாரு. சுவத்தைத் தட்டிப் பாத்தாரு, மேல தொட்டியைப் பாத்தாரு. அப்புறம் சூசை பொண்டாட்டியைக் கேட்டாரு: "ஏம்மா, வீட்டுல எர்த் இருக்கா?"

அவ பதறிப் போய்ட்டா. "ஐயையோ, எர்த்தெல்லாம் கெடையாதுங்க! எந்த சுவிட்சை வேணாத் தொட்டுப் பாருங்க, ஒண்ணும் அடிக்காது!"

சிரிக்கிறீங்க. ஏன் சிரிக்கிறீங்க? நம்ம வாயில எர்த்துன்னா என்ன? கையை வச்சா சுர்ருன்னு இழுத்தா, 'எர்த் அடிக்குது'ங்கறோம். காப்பாத்துற கம்பிக்குப் பேரும் எர்த்து. அடிக்கிற கரண்டுக்குப் பேரும் எர்த்து. அவ என்ன பண்ணுவா?

அந்த ஆள் சிரிக்கலை. நேரா சார்கிட்டப் போனாரு. "சார், மெயின் போர்டுலேர்ந்து தனியா கனமான ஒயர் இழுக்கணும். கரண்டு கசிஞ்சா தானா அணைக்கிற டிரிப்பர் ஒண்ணு வேணும். பின்னாடி ஆள் உசரத்துக்குக் குழி தோண்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுக்கணும். இதெல்லாம் இல்லாம நான் மாட்ட மாட்டேன்."

சார் கேட்டாரு... "ஏம்ப்பா, நான் ஹீட்டர் வாங்கினேனா, பொணம் வாங்கினேனா? குளிக்கிறதுக்கு எதுக்குய்யா குழி?"

அந்த வாய்க்கு என்ன பேரு வைக்கிறது, சொல்லுங்க!

"ஹீட்டர் விலையில பாதி இந்தக் குழிக்கே போயிரும் போலிருக்கே, நீ போப்பா"ன்னு அனுப்பிட்டாரு. மறுநாள் வேற ஒருத்தனைக் கூட்டியாந்தாரு. அவன் எதையும் கேக்கலை. பல்பு எரியிற லைன்லயே முறுக்கி, டேப்பைச் சுத்தி, டீ குடிச்சிட்டுப் போய்ட்டான்.

கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் சூசை பொண்டாட்டி சார் வாசல்ல போய் நின்னா. "சார், குழாயைத் தொட்டா எர்த் அடிக்குது சார்."

சார் என்ன சொன்னாரு தெரியுமா? நான் என் காதால கேட்டேன். "பாத்தியா! அன்னைக்கு அவன் எர்த் இல்லை, எர்த் இல்லைன்னு குதிச்சான். இப்ப எர்த் வந்துருச்சுல்ல? குழியும் இல்லை, செலவும் இல்லை, தானா வந்துருச்சு!"

கேட்டவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. "சார், கைப்புள்ளையைக் குளிப்பாட்டுறேன் சார்..."

"ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுக் குளிப்பாட்டும்மா. அதுக்கும் நானே செருப்பு வாங்கித் தரணுமா?"

செருப்புப் போட்டுக் குளிச்சாங்கய்யா! நம்ம ஊர்ல, ஒரு மனுசன் குடுத்த வாடகைக்கு, அவன் குடும்பம் குளிக்கிற எடத்துல செருப்போட நின்னுச்சு!

ஒருநாள் சாயங்காலம் சூசை மழையில தொப்பலா நனைஞ்சு வந்தான். சேத்துக் காலைக் கழுவப் போனான். செருப்பை வாசல்லயே விட்டுட்டான்... குழாயைத் திறந்தான்...

அவ்வளவுதான்.

அவ கூப்பாடு கேட்டு நாங்க ஓடினோம். மெயினை அணைச்ச பொறவுதான் கை குழாயை விட்டுச்சு. சாரும் வந்தாரு. வந்து கேட்ட கேள்வி: "ஈரக் கையோட எதுக்கு அவன் தொட்டான்?"

ஏங்க... நான் உங்களைக் கேக்குறேன். குளிக்கிற ரூம்புல ஈரக் கை இல்லாம, பின்ன எந்தக் கைய்யா இருக்கும்?

கதை முடிஞ்சுது. இப்ப நம்ம சமாச்சாரத்துக்கு வாங்க. காண்ட்ராக்டர் சொல்றாரு, வீட்டுக்கு ஒரு ஹீட்டர் சும்மாவே தர்றோம்னு. சந்தோசம். அவர் குடுத்த தாளை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். குழியைப் பத்தி ஒரு பேச்சு இல்லை. தனி ஒயரைப் பத்தி இல்லை. டிரிப்பரைப் பத்தி இல்லை. கேட்டா, 'அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம் பெரியவரே'ங்கறாரு. எதுக்குப் பொறவு? யாருக்குப் பொறவு?

நான் ஹீட்டர் வேண்டாம்னு சொல்லலை. நமக்கும் வெந்நீர் வேணும், நம்ம புள்ளைங்களுக்கும் வேணும். ஆனா முதல்ல நம்ம கண்ணு முன்னால குழியைத் தோண்டட்டும். கரியையும் உப்பையும் நாம பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் பெட்டி வீட்டுக்குள்ள வரணும். செலவு ஜாஸ்தின்னு சொன்னாருன்னா, யாரோட செலவுன்னு திருப்பிக் கேளுங்க. குழிக்குக் குடுக்காத காசை அன்னைக்கு சந்தானகிருஷ்ணன் சார் குடுக்கலை. சூசை குடுத்தான்.

அந்தக் காம்பவுண்டுல அன்னைக்கு இருந்த பெரியவங்க இப்ப யாரும் இல்லை. சார் போய்ட்டாரு. சிரிச்சவங்க போய்ட்டாங்க. டேப் சுத்தினவனும் போய்ட்டான். என்னைத் தவிர மிச்சம் இருக்கிறது ஒருத்திதான். மார்கழி பனியிலயும் இன்னைக்கு வரைக்கும் பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறா. இத்தனை நேரம் நானும் சூசை பொண்டாட்டி, சூசை பொண்டாட்டின்னே சொல்லிட்டேன்... அவ பேரு ஞானசௌந்தரி.